முப்பாட்டன் பெயர் எந்த ஏட்டில்?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளிலிருந்தும் தம் மூதாதையின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வருவோர் உளர். நிறத்தாலும் முகத்தாலும் அவர்கள் நம்மவர். வாயைத் திறந்தால் ஆங்கிலம், அல்லது பிரெஞ்சு. கையில் ஒரு தாள் இருக்கும். அத் தாளில் ஒரு பெயர், ஓர் எண், ஒரு கப்பலின் பெயர், தென்னார்க்காடு என்னும் மாவட்டப் பெயர், அதன்கீழ் எவர்க்கும் விளங்காத ஓர் ஊர்ப்பெயர். அவ்வளவே. இவ்வூர் எங்கே இருக்கிறது என்று வந்தவர் கேட்கிறார். கேட்கப்பட்டவர் தாளை வாங்கி, ஆங்கில எழுத்தை ஆங்கிலமாகவே படித்துப் பார்த்து, அப்படி ஓர் ஊர் இங்கே இல்லையே என்று திருப்பித் தந்துவிடுகிறார். வந்தவரும் சிதம்பரம் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வானூர்தி ஏறிவிடுகிறார். ஊர் இருக்கத்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமற் போனது நமக்கு. அதனைப் பற்றியே இன்றைய பேச்சு.

இம் மஞ்சக்குப்பத்திற்கு அண்மையில் உள்ளது தேவனாம்பட்டினம். 1690-இல் ஆங்கில வணிகக் குழுமத்தார் அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் கண்ட அளவுகோல் விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டனர். குண்டு விழுந்த தொலைவுவரை உள்ள ஊர்களெல்லாம் தமக்கே என்றனர். குண்டு விழுந்த ஊர்கள் என்றே அவற்றிற்குப் பெயரும் நின்றது. மண்ணைக் குண்டால் அளந்தவர்கள், நூற்றெழுபது ஆண்டு கழித்து மக்களைக் கைந்நாட்டால் அளந்தனர்.

வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் 1834-இலும், பிரெஞ்சுக்காரர் 1848-இலும் அடிமை முறையை ஒழித்தனர். ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் பழைய ஆண்டையின் தோட்டத்தில் மறுபடியும் வெட்டுக்கத்தி ஏந்த விரும்பவில்லை. அப்போது அவர்கள் கண்ணில் பட்டது நம் நாடு. அடிமை என்ற சொல்லை நீக்கி, ஒப்பந்தக் கூலி என்ற சொல்லைப் போட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், நெட்டாலில் முதலாண்டு திங்களுக்குப் பத்துச் சில்லிங்கு கூலி, பிறகு ஆண்டுக்கொரு சில்லிங்கு ஏற்றம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'துரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி, இடையில் 1866 முதல் 1874 வரை நின்று, மறுபடியும் ஓடி, 1911-இல் முடியும்வரை நெட்டாலுக்கு மட்டும் போனவர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலார் சென்னைத் துறை வழியாகப் போனவர்கள். நம் தென்னார்க்காட்டு மக்கள் அவர்களிடையே மிகப் பலர். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது ஆண்டுப் பஞ்சத்தில், எலும்புக் கூடாய்த் தெருவில் கிடந்தவனிடம் ஆள்பிடிப்போன் வந்து சோறு தருவதாகச் சொன்னால், கடல் எவ்வளவு பெரிது என்று அவன் கேட்டிருக்கப் போவதில்லை.

போனவர்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. இங்கேதான் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி இருக்கிறது.

கப்பலேறிய ஒவ்வொருவர்க்கும் ஏட்டில் ஒரு வரி. முதலில் எண். பிறகு பெயர், தந்தை பெயர், அகவை, ஆணா பெண்ணா, குலம், மாவட்டம், வட்டம், சிற்றூர், உயரம், உடலில் உள்ள அடையாளம். அடையாளம் என்பது இடக்காலில் ஒரு தழும்பு, கன்னத்தில் ஒரு மறு, கையில் பச்சை குத்தியது, நெற்றியில் அம்மை வடு, இப்படி. தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதிய குறிப்புகள் அவை. மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பது போன்றதே. ஆயினும் நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு பேத்தியின் பேத்தி அவ்வரியைப் படிக்கும்போது, தன் முப்பாட்டனின் கால் தழும்பு ஒன்றைத்தான் அவனுடைய உடலிலிருந்து அவள் பெறுகிறாள். ஓவியம் இல்லை, நிழற்படம் இல்லை; தழும்பு இருக்கிறது.

அதே ஆள் இவ்வூரில் வாழ்ந்ததற்கு இங்கே என்ன சான்று இருக்கிறது? தேடிப் பாருங்கள். நிலம் உடையவன் பெயர் நிலவரிப் பதிவேட்டில் இருக்கும். ஊர்க் கணக்கன் அதை எழுதி வைத்திருப்பான். கோயிலுக்குக் கொடை தந்தவன் பெயர் கல்லில் இருக்கும். வழக்காடியவன் பெயர் வழக்குமன்றக் கட்டில் இருக்கும். கிறித்தவனாயின் கோயிற் பங்கின் திருமுழுக்கு ஏட்டில் ஒருவேளை இருக்கும். நிலமில்லாத, வழக்காடப் பணமில்லாத, கொடை தர ஒன்றுமில்லாத உழைப்பாளியின் பெயரை இந்நாட்டில் எவரும் எழுதவில்லை. பிறந்ததும் இறந்ததும் ஒழுங்காய்ப் பதியப்படாத காலம் அது. ஆகலின், அவன் பெயரையும் அவன் தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதிய முதல் ஏடு அவனைக் கப்பலேற்றி விற்ற ஏடுதான். பெரும்பாலார்க்கு அதுவே கடைசி ஏடும். மூன்று சங்கம் வைத்தோம், கல்லிலும் செம்பிலும் எழுதினோம் என்று பெருமை பேசும் நாம், நம் ஏழையின் பெயரை ஓர் ஓலை நறுக்கிற்கூட எழுதி வைக்கவில்லை. ஆண்டை எழுதினான், தன் கணக்குக்காக.

அந்த வரி எப்படி எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். எழுத்தறியாத உழவன் தன் பெயரை வாயால் சொல்கிறான். மேசைக்கு அப்பாலிருக்கும் எழுத்தர், அவர் வெள்ளையராயினும் அவர்க்கு அடங்கிய நம்மவராயினும், காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் பதிகிறார். ஆங்கிலத்தில் ழகரம் இல்லை; ளகரம் இல்லை; றகரம் இல்லை; குறில் நெடில் வேறுபாட்டுக்கு வரன்முறை இல்லை. ஏழுமலை எல்லுமலே ஆகிறான். முருகேசன் மூர்க்காசு ஆகிறான். சின்னசாமி சின்சாமி ஆகிறான். வீரப்பனும் நாகப்பனும் வீரப்பென், நாகப்பென் ஆகின்றனர். பிரெஞ்சுத் தீவுகளில் அதே வீரப்பன் மூக்கொலி பெற்று வேறொரு வடிவம் கொள்கிறான். ஒரே அண்ணன் தம்பியர் இருவர், இரண்டு கப்பலில் போயிருந்தால், இருவர்க்கும் தந்தை பெயர் இரண்டு விதமாய் எழுதப்பட்டிருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழனுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான் அவனுக்கு. நெட்டாலில் பள்ளிக்கும் வழக்குமன்றத்துக்கும் வணிக உரிமைக்கும் குடும்பப்பெயர் வேண்டும் என்றனர். சிலர் தந்தை பெயரைத் தந்தனர். சிலர் பாட்டன் பெயரைத் தந்தனர். பலர் ஏட்டில் குலம் என்ற கட்டத்தில் இருந்த பட்டத்தைத் தந்தனர். இவ்வாறுதான் இன்றைக்குத் தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே படையாட்சி, பிள்ளை, முதலி, கவுண்டர், நாயக்கர் என்பன ஆங்கில ஒலியில் திரிந்து குடும்பப்பெயர்களாய் நிற்கின்றன. அங்கே மூட்லி என்பார் முதலியார்; கவண்டர் என்பார் கவுண்டர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னபோது, இங்கே பலர் தம் பெயரின் வாலை வெட்டினர். அதே காலத்தில் அங்கே அந்த வால் பிறப்புச் சான்றில் ஏறித் தலையாகிவிட்டது. அதற்காக அம் மக்களை நகையாடுதல் கூடாது. அவர்களுள் பலர்க்கு அது சாதியின் பெயர் என்பதே தெரியாது. பாட்டன் விட்டுச்சென்ற பெயர், அவ்வளவே. குடிவழி தேடுவோர்க்கு வரும் இடர் வேறு. படையாட்சி என்ற பெயரை வைத்துக்கொண்டு தேடினால், ஒரு பேரூரின் மக்கள் தொகை அளவுக்கு ஆட்கள் வந்து நிற்பர். அவர்களுள் ஒருவரோடு மற்றொருவர்க்கு உறவு இருக்கவேண்டுவதில்லை. பெயர் வழிகாட்டாது, எண் வழிகாட்டும்.

அந்த எண், கப்பலில் ஏறிய ஆளைச் சாகும்வரை விடாமல் தொடர்ந்தது. தோட்டம் மாறினால் எண்; திருமணம் பதிந்தால் எண்; குழந்தை பிறந்தால் பெற்றோரின் எண்; கூலி தரவில்லை என்று முறையிட்டால் எண்; ஊர் திரும்பினால் எண்; செத்தால் எண். ஆகவே தேடுவோர் செய்யவேண்டிய முதற் செயல், கப்பற் பட்டியைத் திறப்பதன்று. தம் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறப்பது. பாட்டியின் இறப்புச் சான்று, பாட்டனின் திருமணச் சான்று, பழைய விடுதலைச் சீட்டு, செம்பின் கழுத்தில் வெட்டிய எழுத்து, இவற்றுள் ஏதேனும் ஒன்றில் எண் இருக்கும். பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாய்ப் போகவேண்டும். ஒரு படி தாண்டினாலும் வேறொருவன் பாட்டனிடம் போய் நிற்க நேரும். எண் கிடைத்தபின் கப்பற் பட்டி எளிது; அப் பட்டிகள் கணிப்பொறியிலும் ஏற்றப்பட்டுள்ளன. பீட்டர்மாரிட்சுபர்க்கு, தர்பன் ஆகிய ஈரூர் ஆவணக் காப்பகங்களில் எஞ்சிய தாள்கள் இருக்கின்றன. கூலிகளுக்கென்று அமர்த்திய அலுவலர்க்குப் பாதுகாவலர் என்று பெயர். அடி பட்டது, அரிசி குறைந்தது, கூலி பிடித்தது, மனைவியைப் பிரித்து வேறு தோட்டத்துக்கு அனுப்பியது என அவரிடம் வந்த முறையீடுகள் கட்டுக்கட்டாய் உள்ளன. யாரை யாரிடமிருந்து பாதுகாத்தார் என்பதை அக் கட்டுகளைப் படித்தவரே சொல்லவேண்டும்.

குடும்பக் கதைகளையும் சற்று ஐயத்தோடு நோக்குதல் நல்லது. எம் பாட்டனார் வணிகராய்ப் போனார், பெருநிலக்கிழார் வீட்டுப் பிள்ளை கோபித்துக்கொண்டு கப்பலேறினார் என்று பல வீடுகளில் சொல்வர். ஏட்டைத் திறந்தால் பத்துச் சில்லிங்குக் கூலியாய் நிற்பார். இதில் நாணவேண்டுவது என்ன இருக்கிறது? நாணவேண்டியவர் அவரை விற்றவர். மற்றொரு பக்கம், ஏட்டையும் முற்றாய் நம்பிவிடக் கூடாது. கடனுக்கு அஞ்சி, உறவுக்கு அஞ்சி, பெயரையும் குலத்தையும் மாற்றிச் சொன்னோர் உண்டு. மாற்றுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே நேரம் அந்த மேசைமுன் நின்ற நேரந்தான்.

பெயரைப் பற்றி இன்னும் ஒன்று. நெட்டால் வெள்ளையர் தமிழரையெல்லாம் 'சாமி' என்று அழைத்தனர். நம் பெயர்களின் ஈற்றில் வரும் சாமி என்பதைக் கேட்டு, அதையே இழிசொல்லாக்கிக் கொண்டனர். அச் சொல் ஆண்டவன், தலைவன் என்று பொருள்படும் என்பதைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் நயமாய் எடுத்துக்காட்டியுள்ளார். 1909 சூலை 6 அன்று, சிறைக்கொடுமையால் நோயுற்று உயிர் துறந்த இளைஞன் நாகப்பன் படையாட்சி. அறப்போரின் முதற் பலி அவன். ஏடுகளில் அவன் பெயர் சாமி நாகப்பன் என்று இருக்கிறது. அந்தச் சாமி அவன் தாய் இட்டதா, வெள்ளையன் ஒட்டியதா என்பதைத் தமிழறிந்தோர்தாம் கேட்கமுடியும்.

பெண்டிரின் செய்தி இன்னும் கடியது. ஆணுக்காவது பட்டம் என்று ஒன்று நின்றது. முனியம்மாள், இலக்குமி, பொன்னம்மாள் என்று தனிப்பெயர் மட்டும் எழுதப்பட்ட பெண், மணந்தபின் கணவன் வரியில் கரைந்துவிடுகிறாள். அம் மணத்தையே சட்டம் ஏற்கவில்லையென்றால்? அதுவும் நடந்தது. 1913 மார்ச்சு 14 அன்று, சியெர்ல் என்னும் முறைவர், கிறித்தவ முறைப்படி நடவாத மணங்கள் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் மணமாகா என்ற பொருள்படத் தீர்ப்பு வழங்கினார். ஒரு தீர்ப்பில் ஆயிரமாயிரம் மனைவியர் மனைவியர் அல்லாதாராயினர். பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகளாயினர். இதற்கு மேல் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வேறு இருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் உரிமையோடு வாழ விரும்புவோர், ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்டவேண்டும். அவர்கள் வாங்கிய கூலியை மேலே சொன்னோம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வாண்டு அறப்போரில் பெண்டிர் களமிறங்கினர். அவர்களுள் ஒருத்தி வள்ளியம்மை. சோகானசுபர்க்கில் 1898 பிப்பிரவரி 22 அன்று பிறந்தவள். தில்லையாடியை அவள் கண்டதில்லை. அது அவள் குடும்பத்தின் ஊர். தரங்கம்பாடிக்கு அண்மையில், நம் சிதம்பரத்துக்குத் தெற்கே இருப்பது. தன் பெற்றோரின் மணத்தை மணமில்லை என்ற அரசை எதிர்த்து, திரான்சுவாலிலிருந்து நெட்டாலுக்கு எல்லை கடந்து, சிறை புகுந்து, பீட்டர்மாரிட்சுபர்க்குச் சிறையின் கொடுமையால் காய்ச்சலுற்று, 1914 பிப்பிரவரி 22 அன்று மாய்ந்தாள். பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்று. இடையில் பதினாறே ஆண்டுகள். அவ்வாண்டே வந்த சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது, மணங்களை ஏற்றது. 1914 சூலை 15 அன்று, தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுமுன், காந்தியடிகள் நாகப்பன், வள்ளியம்மை இருவர் நினைவுக் கற்களையும் சோகானசுபர்க்கின் பிராம்பாண்டீன் இடுகாட்டில் திறந்துவைத்தார். 1915-இல் தில்லையாடிக்கே வந்தார். 1997-இல் நெல்சன் மண்டேலா அக் கல்லறைகளுக்கு வந்து புதிய நினைவுக்கல்லைத் திறந்தார். திருமணப் பதிவு என்பது அலுவலகத்துத் தாள் என்று நாம் எண்ணுகிறோம். அத் தாளுக்காக ஒரு தமிழ்ப் பெண் செத்திருக்கிறாள்.

வள்ளியம்மையின் ஊர் நமக்குத் தெரியும். ஏனெனில் அவள் பெயரோடு தில்லையாடி ஒட்டிக்கொண்டது. ஊரே பெயராகி நின்ற மற்றொருவரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர் பெயர் ஆன்றி சிதம்பரம். பிரெஞ்சு எழுத்தில் சிதம்பரோம் என்பது போல் ஒலிக்கும். அட்லாண்டிக்குப் பெருங்கடலுக்கு அப்பால், குவாதலூப்பு என்னும் பிரெஞ்சுத் தீவில், கப்பெசுத்தேர் என்னும் ஊரில் 1863-இல் பிறந்தவர். அத் தீவுக்கு நம்மவர் முதன்முதல் போய் இறங்கியது 1854 திசம்பர் இறுதியில், 'ஓரேலி' என்னும் கப்பலில். அதற்கு முந்தைய ஆண்டு மே 6 அன்று அதே கப்பல் மார்த்தினிக்குத் தீவில் ஒரு கூட்டத்தை இறக்கியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தமையால், நம் சிதம்பரம், கடலூர்ப் பக்கத்து மக்களைப் பிடிப்பது அவர்களுக்கு எளிதாயிருந்தது. 1889 வரை நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் குவாதலூப்புக்கு மட்டும் கொண்டுசெல்லப்பட்டனர்.

அங்கே பிறந்த பிள்ளைகள் எந்நாட்டார்? பிரெஞ்சு மண்ணில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சு வரி கட்டினர். வாக்களிக்க வேண்டும் என்றபோது, நீங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர் என்றது ஆட்சி. 1904-இல் சிதம்பரம், இந்தியக் கூலிகளின் மக்களை வாக்காளர் பட்டியில் சேர்க்க வேண்டும் என்று வழக்கெடுத்தார். தீவின் ஆளுநரே எதிர்த்து நின்றார். பத்தொன்பது ஆண்டுகள் நடந்தது அவ் வழக்கு. 1923-இல் பிரெஞ்சு அரசு இறங்கிவந்து அம் மக்களின் குடியுரிமையை ஏற்றது. அவ் வழக்கின் தாள்களைத் தொகுத்து அவரே நூலாக்கினார். 1952-இல் மறைந்தார். ஒப்பந்தச் சீட்டில் எந்த அரசின் குடி என்று எழுதப்பட்டிருந்ததோ அதைப் பொறுத்துப் பேரனின் வாக்குரிமை நின்றது என்றால், அச் சீட்டைப் பழங்குப்பை என்று எவர் சொல்வார்?

ஒன்று எண்ணுக. அத் தீவில் தமிழ் பேச்சுமொழியாய் நிலைக்கவில்லை. வழிபாட்டுப் பாட்டிலும் சில சடங்குச் சொற்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மொழி போனபின்னும் சிதம்பரம் என்ற பெயர் வழக்குமன்ற வாயிலில் பத்தொன்பது ஆண்டு நின்றது. தனிநாயக அடிகளார் அத் தீவுகளுக்குப் போன தமிழரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவர்க்குப் பின் அத் துறையில் இங்கிருந்து உழைத்தோர் மிகச் சிலரே. அங்குள்ளோர் தம் எழுத்தில் தம் பக்கத்து வரலாற்றை எழுதிவிட்டனர். நம் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது.

இனி, ஊர்ப்பெயரைப் படிக்கும் வகை. பழைய ஆங்கில எழுத்துமுறையைக் கண்ணால் படித்தால் ஏமாறுவோம். உரக்கச் சொல்லிக் காதால் படிக்கவேண்டும். அக்காலத்தில் 'யு' என்னும் ஆங்கில எழுத்தைப் பெரும்பாலும் அகரத்துக்கு எழுதினர். ருங்கசாமி என்று படிக்கத் தோன்றுவது இரங்கசாமி. புல்னி என்று தோன்றுவது பழனி. 'ஏ', 'யு' இரண்டும் சேர்ந்து வந்தால் அது ஆகாரம். காவிரியை இன்றும் ஆங்கிலத்தில் அப்படித்தானே எழுதுகிறார்கள்! 'ஓர்' என்று முடிந்தால் ஊர். வேலூர், தஞ்சாவூர் போல. 'படம்' என்று முடிந்தால் பட்டினம். நாகப்பட்டினத்தை அவர்கள் நாகப்படம் ஆக்கினர். செலும்பரம் என்று இருந்தால் சிதம்பரம். வெருதாச்செலம் என்றால் விருத்தாசலம். திரிவாடி என்றால் நம் திருவதிகை. போர்ட்டோ நோவோ பரங்கிப்பேட்டை. பிரெஞ்சு ஏட்டில் 'ஓ', 'யு' சேர்ந்தால் உகரம். சகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும் இரட்டை எழுத்து இராது. ஈற்று அம் என்பது ஓம் ஆகும். இவ்வளவு தெரிந்தாலே பாதிப் பெயர்கள் எழுந்து பேசும்.

மறுபாதிக்கு ஆங்கிலம் மட்டும் குற்றவாளியன்று. முதுகுன்றம் என்ற அழகிய தமிழ்ப் பெயரை விருத்தாசலம் என்று மொழிபெயர்த்தவர் வெள்ளையர் அல்லர். மயிலாடுதுறை மாயூரமாய், மாயவரமாய்த் திரிந்து, 1982-இல்தான் தன் பெயரை மீட்டது. தேடுவோர் மூன்று பெயரையும் அறிந்திருக்க வேண்டும். நம் கடலூரையே பாருங்கள். ஆறுகள் கூடும் இடமாதலின் கூடலூர் என்பது பழம்பெயர் என்பர். ஆங்கிலேயன் வாயில் அது திரிந்தது. திரிந்ததைத் திரும்ப நாம் தமிழில் எழுதியபோது கடலூர் ஆயிற்று. கடல் இருப்பதால் பெயர் பொருந்திவிட்டது. எவர்க்கும் ஐயம் எழவில்லை! தன் ஊரின் பெயரே அயலான் எழுத்து வழியாகத் திரும்பி வந்திருக்கும்போது, செலும்பரத்தைக் கண்டு சிரிப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

எல்லை மாற்றங்களும் உண்டு. ஏட்டில் தென்னார்க்காடு என்று இருப்பதைக் கண்டு கடலூர் மாவட்டத்தில் மட்டும் தேடக்கூடாது. 1993 செப்டம்பர் 30 அன்று அம் மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. திண்டிவனத்தான், திருக்கோவலூரான், கள்ளக்குறிச்சியான் எல்லாரும் அந்த ஒரு பெயருக்குள்தான் அடங்கியிருந்தனர். கார்சுட்டின் என்பார் 1878-இல் வெளியிட்ட தென்னார்க்காட்டு மாவட்டக் கையேடும், பிரான்சிசு என்பார் 1906-இல் வெளியிட்ட மாவட்ட விளக்க நூலும் அன்றைய வட்டங்களையும் அன்றைய எழுத்துமுறையையும் அறிய உதவும். முன்னது பஞ்சத்தின் சூடு ஆறுமுன் வந்த நூல் என்பதை நினைவிற் கொண்டு படிக்கவேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்டப் பதிவுகள் இருக்கின்றன.

எந்த நூலிலும் இல்லாத ஊர்களும் உள. ஏட்டில் எழுதிய சிற்றூர் சில இடங்களில் ஊர் அன்று. ஊரின் ஒரு குப்பம், ஒரு சேரி, ஏரிக்கரை மேல் இருந்த பத்துக் குடிசை. கேட்டபோது அவன் தன் குடியிருப்பின் பெயரைத்தான் சொல்லியிருப்பான். வெள்ளத்தில் போன குப்பம், புயலில் இடம்பெயர்ந்த குப்பம், சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஊர், பெயர் மாறிய சேரி, இவை எழுபது எண்பது அகவை கடந்த முதியோர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. நெய்வேலிப் பக்கத்து நிலக்கரி நிலத்தில் ஊரிழந்தோர் தம் பழைய ஊர்ப்பெயரைப் புதுக் குடியிருப்புக்கு இட்டுக்கொண்டிருந்தால், தேடிவருவோர் இடம் தவறிப் போவர்.

ஆகவே, இங்கு வந்துள்ள இளைஞர்க்கு ஒரு வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் அருகில் ஒரு குறிப்பேட்டோடு அமருங்கள். அவர் அறிந்த குப்பம், பேட்டை, பாளையம், சேரி, களம், கொல்லை அனைத்தின் பெயரையும் அவர் ஒலிக்கிறபடியே, திருத்தாமல் எழுதுங்கள். இன்று இல்லாத இடமாயின், எந்த ஏரிக்குக் கிழக்கு, எந்தக் கோயிலுக்குத் தெற்கு என்று குறியுங்கள். அக்கரைக்குப் போனார்கள் என்று அவர் எவரையேனும் சொன்னால், அவர் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதை இம் மன்றத்துக்குக் கொண்டுவந்தால், வட்டம் வட்டமாய்ப் பிரித்துப் படியெடுத்து வைக்கலாம். தாளோடு வருபவர்க்கு அதைத் திறந்து காட்டலாம்.